முன்சீட்டுக்காரர்

என் அக்கா புருஷனுக்கு எங்கள் பஸ் டெப்போவில் முன்சீட்டுக்காரர் என்று பேர். சொந்தப் பேர் சம்பளம் போடுகிற ஆபீசில் மட்டும்தான் புழங்கியது. அவர் பிரேக் ஃபிட்டர். வண்டிக்கு அடியில் இருக்கும் பள்ளத்தில் நின்றுகொண்டு, காலையிலிருந்து சாயங்காலம் வரை தலைக்கு மேலே கையைத் தூக்கி வேலை பார்க்கிற மனுஷன். மேலே ஏறி வரும்போது மூக்குத் துவாரம் இரண்டும் கறுத்திருக்கும். அவருக்கென்று அக்கா தனி சோப்பு, தனித் துண்டு, தனித் தலையணை உறை வைத்திருந்தாள். "இந்த ஆளைக் கட்டினதுக்கு ஒரு கரிமூட்டையைக் கட்டியிருந்தா அடுப்புக்காவது ஆகியிருக்கும்" என்பாள் என்னிடம், அவர் காதில் நன்றாக விழும்படி. அவர் துண்டால் முகத்தைத் துடைத்தபடி சிரிப்பார்.

டெப்போவுக்குப் பின்புறம் ஒரு இறக்கம் உண்டு. செங்குத்தாகப் போய்க் கீழே ஒரு சுவரில் முடியும். சுவருக்கு அந்தப் பக்கம் ரயில் தண்டவாளம். பிரேக் வேலை முடிந்த வண்டியை அந்த இறக்கத்தில் விட்டுப் பிடித்துப் பார்த்த பிறகுதான் ரோட்டுக்கு அனுப்புவார்கள். ஓட்டிப் பார்ப்பது என்னைப் போன்ற டிரைவர்களின் வேலை. ஃபிட்டர் கீழே ஓரமாக நின்று பார்த்தால் போதும், விதி அவ்வளவுதான். மச்சான் ஒருநாளும் அப்படி நின்றதில்லை. தான் பிரித்து மாட்டிய வண்டி என்றால் தானே ஏறி, கண்ணாடியை ஒட்டியிருக்கும் முன்சீட்டில் உட்காருவார். கம்பியைப் பிடிக்க மாட்டார். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொள்வார். அந்தக் கையைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும்.

"கம்பியையாவது பிடிங்க மச்சான். உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அக்காவுக்கு நான்ல பதில் சொல்லணும்."

"பிடிச்சா என் வேலை மேல எனக்கே சந்தேகம்னு ஆகிடும் மாப்ள. நீ உருட்டு."

"பிரேக் பிடிக்கலன்னா?"

"நான் போறேன். நாளைக்குக் காசு குடுத்து ஏறப்போறவன் எதுக்குப் போகணும்?"

"வண்டியில நானும்தானே இருக்கேன்?"

"நீ குதிச்சிருவ. உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

ஒருமுறை பிரேக் பிடிக்கவில்லை. பாதி இறக்கத்தில் பெடல் என் காலோடு தரைக்குப் போய்விட்டது. நான் குதிக்கவில்லை, அதை இங்கே சொல்லியாக வேண்டும். வண்டியைப் பக்கவாட்டுச் சுவரில் தேய்த்துத் தேய்த்து நிறுத்தினேன். கண்ணாடி நொறுங்கி அவர் நெற்றியில் பாய்ந்தது. தையல் போட்டுக்கொண்டு நேராகப் பள்ளத்தில் இறங்கிவிட்டார், எங்கே தப்பு என்று பார்க்க. சாயங்காலம் வீட்டில் அவர் பையன் நெற்றிக் கட்டைப் பார்த்துவிட்டு அழுதான். அப்போது சின்னப் பையன். மச்சான் அவனை மடியில் உட்கார வைத்துச் சொன்னார்: "அப்பா உட்கார்ந்ததால தையல் அப்பாவுக்கு. உட்காரலன்னா வேற யாரோட பிள்ளைக்கோ. எது நல்லது, நீயே சொல்லு."

அக்கா அடுப்படியிலிருந்து, "யாருமே உட்காராம ஒரு மணல் மூட்டையை வெச்சா ஆகாதா?" என்று கத்தினாள்.

அதற்குப் பிறகு பையன் என் கையைப் பிடித்துக்கொண்டு டெப்போவுக்கு வரும்போதெல்லாம் தன்னையும் இறக்கத்தில் கூட்டிப்போகச் சொல்லி நச்சரித்தான். மச்சான் மசியவில்லை. "நீ பிரிச்சு மாட்டின வண்டியா இது? வேலை செஞ்சவன்தான் ஏறணும்" என்று சிரித்தே ஒதுக்கிவிடுவார். ஒருநாள் பையன் யாருக்கும் தெரியாமல் பின்சீட்டுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். நான் பிரேக்கை விடப் போகிற நேரம் தும்மிவிட்டான். மச்சான் அவனை வெளியே இழுத்துப் போட்டு, முதுகில் வைத்தார் ஒன்று. அதுவரை அவனை அவர் அடித்ததே இல்லை. அவர் கை நடுங்கியதை நான் பார்த்தேன். அன்று அந்த வண்டியை ஓட்டிப் பார்க்காமலே நிறுத்தச் சொல்லிவிட்டார். பிள்ளைப் பாசம் என்று நினைத்துக்கொண்டேன், அதற்கு மேல் யோசிக்கவில்லை.

பையன் வளர்ந்து பட்டாளத்தில் சேர்ந்தான். கண்ணிவெடி எடுக்கிற பிரிவில் போட்டார்கள். பழைய சண்டையில் புதைத்துவிட்டுப் போனவை காட்டிலும் வயலிலும் ஊர்ப்பாதையிலும் அப்படியே கிடந்தன. சண்டை போட்டவர்களில் பாதிப் பேர் செத்து, மீதிப் பேர் சமாதானமாகிப் பேரப்பிள்ளைகளையும் எடுத்துவிட்டார்கள். மண்ணுக்குள் இருப்பதற்குச் சமாதானம் ஆனது தெரியாது. அதைத் தோண்டி எடுப்பதுதான் எங்கள் பையனுக்கு வேலை.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவான். அக்கா போனை அடுப்படி மேடையில் வைத்துச் சத்தத்தைக் கூட்டுவாள், நாங்கள் மூவரும் சுற்றி நிற்போம். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னான்: "ஒரு பாதையை முடிச்சதும் ஜனங்களை விடுறதுக்கு முன்னாடி நான் அதுல நடந்து காட்டுவேன்பா. அந்தக் கோடிக்குப் போயிட்டுத் திரும்பி வருவேன். அப்புறம்தான் அவங்க கால் வைப்பாங்க."

மச்சான் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. "பார்த்தியா மாப்ள? பட்டாளத்துலயும் நம்ம சட்டம்தான்!" என்றார். மறுநாள் டெப்போ முழுக்கத் தண்டோரா. டீக்கடையில், டயர் ரூமில், டீசல் போடுகிற இடத்தில், எங்கே நின்றாலும் அதே பேச்சு. "பெரிய பெரிய ஆபீசர்லாம் உட்கார்ந்து யோசிச்சுப் போட்ட சட்டம். நான் இங்க பள்ளத்துல நின்னே யோசிச்சுட்டேன்" என்று சொல்லிச் சிரிப்பார். டயர்க்காரன், "யோவ் தளபதி, டீக்குக் காசு குடுத்துட்டுப் போ" என்பான். மச்சானுக்குத் தலைகால் புரியவில்லை. சும்மா சொல்லக்கூடாது, அந்தப் பெருமை அவருக்குப் பொருந்தியது. வாழ்க்கையில் அதற்கு முன் எதற்கும் அவர் நெஞ்சை நிமிர்த்தி நான் பார்த்ததில்லை.

அந்தப் போன் பேச்சின்போது அக்கா அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தாள். அது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் ஞாபகம் வந்தது.

சேதி ஒரு மத்தியானம் வந்தது. ஓர் அதிகாரியும் கூட ஒரு சிப்பாயும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். மச்சானைப் பள்ளத்திலிருந்து கூப்பிட்டு நான்தான் அழைத்துப் போனேன். கைகூடக் கழுவவில்லை. வாசலில் தொப்பியைக் கழற்றி நின்ற அதிகாரியைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. அக்கா கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் அவளைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள், எழுந்து ஓடிவிடுவாளோ என்பதுபோல.

மச்சான் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "அவன் பார்த்து முடிச்ச பாதையா சார்? இல்ல, வேற ஆள் பார்த்ததா?"

அதிகாரி தயங்கினார். "அவன் பார்த்ததுதான். மரத்து வேருக்கு அடியில சாஞ்சு கிடந்திருக்கு. பிளாஸ்டிக்ல செஞ்சது, இரும்பு கடுகளவுதான் இருக்கும். கருவி கத்தல. ஸ்கூலுக்குப் போற பாதைங்க அது. அவன் நடக்கலன்னா மறுநாள் பிள்ளைங்க நடந்திருக்கும்."

மச்சான் தலையை ஆட்டினார். ஒரு வண்டியில் என்ன கோளாறு என்று கேட்டுக்கொள்ளும்போது ஆட்டுவாரே, அதே ஆட்டல்.

புறப்படும்போது அதிகாரியை வாசல் தாண்டித் தெருமுனை வரை கொண்டுவிட நாங்கள் இருவரும் போனோம். அங்கேதான் மச்சான் சொன்னார்: "உங்க சட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன் சார். எம்புள்ளையை வாங்கிடுச்சு. ஆனா நல்ல சட்டம்."

"எந்தச் சட்டம்?" என்றார் அதிகாரி.

"பார்த்தவனே முதல்ல நடக்கணும்கிறது."

அதிகாரி என்னைப் பார்த்தார், மறுபடி அவரைப் பார்த்தார். பாவம், சின்ன வயசுதான். "அப்படி ஒரு சட்டம் எங்ககிட்ட இல்லைங்க. கருவியால பார்ப்போம், இன்னொருத்தன் வந்து திரும்பவும் பார்ப்பான், அதோட சரி. ஜனங்க பயந்துபோய்க் கால் வைக்காம நின்னாங்கன்னு அவனா ஆரம்பிச்சான். எங்க அப்பா இப்படித்தான் செய்வாருன்னு சொல்வான். வேண்டாம்னு சொல்லிப் பார்த்தேன். கேட்கல. நானும் கண்டுக்காம விட்டுட்டேன்."

மச்சான் நின்ற இடத்திலேயே நின்றார். ஜீப் போன பிறகும் நின்றார். பிறகு என் சட்டையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அக்காவுக்கு இது தெரியக்கூடாது மாப்ள."

தெரியவிடவில்லை. வீட்டில் அக்கா விடிந்ததிலிருந்து அடைகிற வரை பட்டாளத்தைச் சபித்தாள். "எந்தப் படுபாவி போட்ட சட்டமோ, அவன் வீடு விளங்குமா? அவன் புள்ளையை நடக்கவிட்டுப் பார்க்கச் சொல்லு!" மச்சான் தட்டின் முன்னால் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பார். அந்தப் படுபாவி தான்தான் என்று ஒவ்வொரு வேளையும் சோற்றோடு சேர்த்து விழுங்கினார். 'உங்க முன்சீட்டுதான் அவனைக் கொன்னுச்சு' என்று சொல்ல எனக்கே நாக்கு துடித்த நாட்கள் உண்டு. என் மடியில் வளர்ந்த பையன். சொல்லவில்லை. அவர் அதைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தது முகத்தில் தெரிந்தது.

டெப்போவில் அவர் முன்சீட்டில் ஏறுவதை நிறுத்திவிட்டார். வேலை முடிந்ததும் இறக்கத்துக்குக் கீழே போய் ஓரமாக நிற்பார், விதியில் உள்ளபடி. வேலையில் குறை ஒன்றும் இல்லை. பிரேக் எல்லாம் நன்றாகவே பிடித்தது. ஆனால் காலியான அந்தச் சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்கும்போது எனக்கு முதல்முறையாகப் பயமாக இருந்தது. யாரும் கேலி செய்யவில்லை. டயர்க்காரன் டீக்குக் காசு கேட்பதைக்கூட விட்டுவிட்டான்.

மழைக்காலம் முடிந்ததும் அந்த அதிகாரி போன் பண்ணினார். பெரிய மெஷினைக் கொண்டுவந்து அந்தப் பாதையை முழுக்க உழுது சுத்தம் பண்ணிவிட்டார்களாம். ஊர் ஜனங்களுக்குத் திறந்துவிடப் போகிறார்களாம். அப்பாவும் அம்மாவும் வர வேண்டும், பையன் செய்ததை ஊருக்கு முன்னால் தான் எடுத்துச் சொல்ல வேண்டும் என்றார். அக்கா பக்கத்திலேயே நின்று கேட்டுவிட்டாள். "போவோம்" என்றாள். அவ்வளவுதான்.

மச்சான் அன்றைக்கே என்னைப் பிடித்துக்கொண்டார். "அங்க போய் அவர் வாயால கேட்டா அவ தாங்க மாட்டா மாப்ள. அதுக்கப்புறம் என் மூஞ்சியிலயே முழிக்க மாட்டா. நீ பக்குவமா முன்னாடியே சொல்லிடு. உன் அக்காதானே."

"என் வாயால சொல்ல மாட்டேன். உங்க புள்ளை, உங்க பொண்டாட்டி. நீங்களே சொல்லுங்க."

"எப்படிடா சொல்றது?"

"சீட்டுல ஏறி உட்கார்ற தைரியம் இருந்துச்சுல்ல?" என்றேன். கொஞ்சம் காரமாகத்தான் வந்துவிட்டது.

பஸ்ஸில் போனோம். முழுப் பகல் பயணம். அவர்கள் இருவரும் எனக்கு முன்வரிசையில். வண்டி நிற்கிற ஒவ்வொரு இடத்திலும் மச்சான் அவள் பக்கம் திரும்பி வாயைத் திறப்பார். "இந்தா..." என்பார். அவள் திரும்பிப் பார்ப்பாள். "தண்ணி வேணுமா?" என்று கேட்பார். வேண்டாம் என்பாள். வழியெல்லாம் அவர் வேணுமா என்று கேட்ட தண்ணீரைச் சேர்த்திருந்தால் ஒரு குளம் நிறைந்திருக்கும். சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லவில்லை.

மறுநாள் காலை அங்கே போனோம். பாதை என்று சொன்னார்களே தவிர, அது முள்காட்டுக்கு நடுவே உழுதுபோட்ட ஒரு பட்டை மண். இரண்டு பக்கமும் வெள்ளையடித்த கற்கள். அந்தக் கோடியில் பள்ளிக்கூடச் சுவர் தெரிந்தது. இந்தப் பக்கம் ஊர் ஜனங்கள் கூடியிருந்தார்கள், சீருடை போட்ட பிள்ளைகள், குழந்தையை இடுப்பில் வைத்த பெண்கள். பாதையில் பாதி தூரத்தில் ஓரிடம் மட்டும் வேறு நிற மண் போட்டு நிரப்பியிருந்தது. அது என்ன என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியிருக்கவில்லை.

அதிகாரி சுருக்கமாகத்தான் பேசினார். "இப்படி நடந்து காட்டணும்னு எங்க படையில யாரும் சொல்லல. அந்தப் பையனே விரும்பிச் செஞ்சது. அவங்க அப்பாகிட்ட கத்துக்கிட்டதா சொல்வான். அந்த அப்பா இங்க நிக்கிறார்." எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மச்சான் தரையைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் முகம் மாறவே இல்லை.

"இப்ப பயமில்ல, எல்லாரும் போகலாம்" என்றார் அதிகாரி.

ஒருவரும் போகவில்லை. எப்படிப் போவார்கள்? போனமுறையும் இப்படித்தானே சுத்தம் என்று சொன்னார்கள். ஒரு பெண் தன் பிள்ளையின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். கூட்டம் முணுமுணுத்தது. ஒரு சிப்பாய் நான் நடக்கிறேன் என்று முன்னால் வந்தான், எங்கள் பையன் வயதுதான் இருக்கும். அக்கா அவன் மார்பில் கையை வைத்து அப்படியே ஓரம் தள்ளினாள். செருப்பைக் கழற்றிப் போட்டாள். நடந்தாள்.

தடுக்க எனக்குக் கை கால் ஓடவில்லை. அவள் வேகமாகவும் போகவில்லை, மெதுவாகவும் போகவில்லை. குழாயடிக்குப் போகிறவள்போலப் போனாள். நிரப்பிய இடத்தில் நின்று, குந்தி உட்கார்ந்து, உள்ளங்கையை மண்ணில் வைத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். எழுந்து அந்தக் கோடிக்குப் போய், பள்ளிக்கூடச் சுவரை ஒட்டி, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டாள். திரும்பி வரவில்லை.

"போங்க மச்சான்" என்றேன்.

"கால் வரல மாப்ள."

அவர் கையைப் பிடித்து நடத்தினேன். முதல் சில அடிக்குப் பிறகு அவர் என்னை விட்டுவிட்டு முன்னால் போனார். நான் அவர் மிதித்த இடத்திலேயே மிதித்துப் பின்னால் போனேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. நிரப்பிய இடத்தை அவர் மிதிக்கவில்லை, ஓரமாக ஒதுங்கி, கற்களை உரசிக்கொண்டு சுற்றிப்போனார்.

அக்காவின் பக்கத்தில் போய் நின்று, "நான் சொல்லணும்னுதான் இருந்தேன்" என்றார்.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"எல்லாம் தெரியும். அவனே சொன்னான்." அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. "நீங்க டெப்போவுல இருக்கும்போது ஒருநாள் போன் பண்ணினான். இது யாரும் சொல்லிச் செய்யறது இல்லம்மா, நானாத்தான் நடக்கிறேன்னான். அப்பாவுக்குச் சொல்லிடாத, அவர் பட்டாளத்துச் சட்டம்னு நினைச்சுக்கிட்டு இருக்கட்டும்னான். ஏண்டான்னு கேட்டேன். என் இஷ்டம்னு தெரிஞ்சா அப்பா வேண்டாம்னு சொல்லிடுவாரு, அவர் வேண்டாம்னு சொல்லிட்டா அப்புறம் என்னால நடக்க முடியாதும்மான்னான்."

மச்சான் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"நான் சொல்லல. புள்ளை கேட்டுக்கிட்டானேன்னு வாயை மூடிக்கிட்டேன். சொல்லியிருந்தா இருந்திருப்பான்."

"அப்புறம் ஏன் தினமும் பட்டாளத்தைத் திட்டின?"

"உங்களைத் திட்டக்கூடாதுன்னுதான்" என்றாள். "என்னை நானே திட்டிக்கிட்டா நீங்க ஏன்னு கேட்பீங்க. வேற யாரைத் திட்டறது?"

பாதையின் அந்தப் பக்கம் ஜனங்கள் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார்கள். பிறகு மச்சான் கேட்டார், என்னையா அவளையா என்று தெரியாதபடி: "வேண்டாம்னு சொல்லியிருப்பேனா நான்?"

"சொல்லியிருப்பீங்க" என்றாள் அக்கா.

எனக்கு அந்தப் பின்சீட்டுத் தும்மலும் அவர் கை நடுங்கியதும் ஞாபகம் வந்தது. அவருக்கும் அதுதான் வந்திருக்க வேண்டும்.

"சொல்லியிருப்பேன்" என்றார். "கால்ல விழுந்தாவது நிறுத்தியிருப்பேன். ஊரான் புள்ளை நடக்கட்டும்னு விட்டிருப்பேன்." முகத்தை முழங்கையால் துடைத்துக்கொண்டார். "அவன் என்னை விடப் பெரிய ஆளா வளர்ந்துட்டான் பார்த்தியா? எனக்குத் தெரியாமயே வளர்ந்துட்டான்." அழுகைக்கு நடுவில் அந்தப் பழைய பெருமை, அந்த நெஞ்சு நிமிர்த்தல், ஒரு கணம் வந்துபோனது. அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"நீங்களே வெச்சுக்கங்க அந்தப் பெருமையை" என்றாள் அக்கா. "எனக்கு வேண்டாம். எனக்குப் புள்ளைதான் வேணும்."

அப்போது அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பிள்ளை பாதையில் இறங்கி ஓடிவந்தது. அதைப் பிடிக்க அதன் அம்மா ஓடிவந்தாள். அவர்களுக்குப் பின்னால் எல்லோரும் வந்துவிட்டார்கள். பிள்ளைகள் கூச்சல் போட்டபடி எங்களைத் தாண்டிப் பள்ளிக்கூடத்துக்குள் ஓடினார்கள். வேறு நிற மண் போட்ட இடத்தை ஒருவர் பாக்கியில்லாமல் மிதித்து வந்தார்கள். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். மச்சான் கடைசிப் பிள்ளை உள்ளே போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊருக்குத் திரும்பிய மறுநாள் பள்ளத்தில் ஒரு வண்டி முடிந்து நின்றது. நான் ஏறி உட்கார்ந்து பிரேக்கை விடப்போனேன். படிக்கட்டில் சத்தம் கேட்டது. மச்சான் ஏறிவந்து முன்சீட்டில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டார். விரல் முட்டி வெளுக்கிற அளவுக்குப் பிடித்திருந்தார்.

வண்டியை மெதுவாக இறக்கினேன். சுவருக்கு வெகுதூரம் முன்பே பிரேக் பிடித்து வண்டி நின்றது. அவர் கம்பியை விடவில்லை.